சரியான விடைக்குக் காட்சி இல்லை

திங்கட்கிழமை காலை வந்த கடிதத்தை அவள் மூன்று முறை படித்தாள். முதல் முறை நின்றுகொண்டு, இரண்டாம் முறை உட்கார்ந்து, மூன்றாம் முறை ஒவ்வொரு வரியின் கீழும் அளவுகோலை வைத்து. மூன்று முறையும் அது ஒன்றையேதான் சொன்னது. ராணுவத்தின் வெள்ள மீட்புப் பயிற்சிப் பள்ளியில் நாற்பது வீரர்கள், அவர்கள் நிறுவனம் செய்து கொடுத்த படகுப் பாடத்தைக் கணினியில் ஒரு மாதம் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். ஆளுக்கு ஏழு கேள்வி என்றால் மொத்தம் இருநூற்று எண்பது விடைகள். அதில் முதல் முயற்சியிலேயே சரியாகச் சொன்னவை பத்தொன்பது. மீதி இருநூற்று அறுபத்தொன்றும் தவறு. அடியில் பள்ளியின் பொறுப்பாளரான மேஜர் தன் கையாலேயே இரண்டு வரி சேர்த்திருந்தார். 'ஒன்று, என் வீரர்களுக்கு எதுவும் தெரியவில்லை. அல்லது, உங்கள் பாடம் எதையும் கற்பிக்கவில்லை. இரண்டில் எது என்று வெள்ளிக்கிழமைக்குள் தெரிவித்தால், பாடத்தை ஏற்பதா திருப்பி அனுப்புவதா என்று முடிவு செய்ய எனக்கு வசதியாக இருக்கும்.'

அந்தப் பாடத்தை வடிவமைத்தவள் அவள்தான். மின்தூக்கி நிற்காத மூன்றாவது மாடியில் ஏழு பேர் வேலை பார்க்கும் நிறுவனம் அது. அரசுத் துறைகளுக்கு இணையதளம் செய்து கொடுப்பது பிழைப்பு. பிறப்புச் சான்றிதழ் விண்ணப்பம், சாலைப் பள்ளங்களைப் பற்றிய புகார்ப் பக்கம், எந்த வாய்க்காலில் எந்தத் தேதி தண்ணீர் திறப்பார்கள் என்ற அட்டவணை, இப்படி. ராணுவத்துக்கு வேலை செய்வது நிறுவனத்துக்கு இதுதான் முதல் தடவை. ஒரு பாடத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை தனியாக வடிவமைப்பது அவளுக்கும் முதல் தடவை. எதைச் செய்வதற்கு முன்பும் ஒரு பட்டியல், செய்த பிறகு சரிபார்க்க இன்னொரு பட்டியல் என்று இருந்ததால் அலுவலகத்தில் அவளுக்குப் 'பட்டியல்' என்றே பெயராகிவிட்டது. "பட்டியல், டீ குடிக்க வரியா, இல்ல அதுக்கும் லிஸ்ட் போடணுமா?" என்பார் கேமராக்காரர். அவளும் சிரித்துவைப்பாள். ஆனால் எத்தனை பட்டியல் போட்டாலும் ஏதோ ஒன்று அதில் ஏறாமல் தப்பிவிட்டிருக்கிறது என்ற சந்தேகம் அவளை விட்டதே இல்லை. இப்போது அந்தச் சந்தேகத்துக்கு ராணுவ முத்திரையே குத்தி வந்துவிட்டது.

இதில் கொடுமை என்னவென்றால், வீரர்கள் எதைச் சொடுக்குகிறார்கள் என்று பதிவு செய்து வாரந்தோறும் பள்ளிக்கு அறிக்கை அனுப்பும் வசதியை யாரும் கேட்கவில்லை. அவளே ஆசைப்பட்டுச் சேர்த்துக் கொடுத்தது. தன் கையாலேயே தன் காலில் கயிறு கட்டிக்கொண்ட மாதிரி ஆயிற்று.

முதலில் தன் மீதுதான் சந்தேகம் வந்தது. சரியையும் தவறையும் இடம் மாற்றி வைத்துவிட்டோமோ? ஏழு கேள்விகளையும் திறந்து விடைகளை ஒப்பிட்டாள். சரியாகவே இருந்தன. பிறகு தாளில் எழுதிவைத்து மறுபடி ஒப்பிட்டாள். அப்போதும் சரியாகவே இருந்தன. அதன்பின் வீரர் ஒவ்வொருவரும் எந்த நொடியில் எதைச் சொடுக்கினார் என்ற பதிவைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மதியத்துக்குள் ஒரு விஷயம் பிடிபட்டது. அந்தப் பத்தொன்பதைத் தவிர எல்லாவற்றிலும் இரண்டே நொடியில் தவறான விடையைச் சொடுக்கியிருந்தார்கள். கேள்வியைப் படிக்கவே இரண்டு நொடி போதாது. பிறகு இரண்டாவது தவறு. அதன்பிறகு சரி. முதலாவது வீரர் தொடங்கி நாற்பதாவது வீரர்வரை அதே வரிசை, ஏதோ அணிவகுப்புக்குப் பழகியது போல. இன்னொரு எண்ணும் இருந்தது. நான்காவது தவறுக்கான படத்தை மட்டும் நாற்பது பேர் சேர்ந்து அறுநூற்றுப் பதினொரு முறை பார்த்திருந்தார்கள்.

நான்காவது படத்தில் விழுவது அவளுடைய சித்தப்பா. நான்காவதில் மட்டும் இல்லை, மொத்தப் படங்கள் பதினான்கிலும் அவர்தான்.

பாடம் எளிமையானது. திரையில் ஒரு மீட்புப் படகு. யாரை முதலில் ஏற்றுவது, ஏறுகிறவர் எங்கே கால் வைப்பது, எங்கே உட்காருவது என்று ஏழு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று விடைகள். ஒன்று சரி, இரண்டு தவறு. தவறான விடையைச் சொடுக்கினால், அந்தத் தவறால் என்ன ஆகும் என்று அரை நிமிடப் படம் ஓடும். சரியானதைச் சொடுக்கினால் பச்சை எழுத்தில் 'சரி. அடுத்த கேள்வி' என்று வரும். படம் எடுக்க ஊரின் பழைய நீச்சல் குளம் ஒன்றை ஒரு நாளைக்கு வாங்கியிருந்தார்கள். படகில் உட்கார அலுவலகத்து ஆட்கள் போதாமல் கீழ்த்தளத்துப் பல் மருத்துவமனையிலிருந்து மூன்று பேரை இரவல் கேட்டு அழைத்துவந்தார்கள். விழுவதற்கென்று பேசிவைத்திருந்த நாடக நடிகர் தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, தனக்குச் சளி பிடித்திருப்பதாகச் சொல்லிப் போய்விட்டார். மற்ற எல்லாருக்கும் திடீரென்று காதுவலி, முதுகுவலி. சித்தப்பா அங்கே வந்திருந்தது வேறு வேலைக்கு. அவர் நிறுவனத்தின் மெய்ப்புத் திருத்துநர். இருபத்தெட்டு வருடம் அச்சகங்களில் பிழை திருத்திவிட்டு இங்கே வந்தவர். மிதவை அங்கிகளின் மேல் எழுதியிருப்பதைச் சரிபார்க்கச் சிவப்புப் பேனாவோடு கரையில் நின்றிருந்தார். ஐம்பத்தாறு வயது, ஒல்லியான உடம்பு, இஸ்திரி போட்ட சட்டை, வாழ்க்கையில் ஒருமுறைகூட நீந்தியதில்லை. அவள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "ஆழம் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டார். நெஞ்சளவு என்றார்கள். பேனாவைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டுப் படகில் ஏறினார்.

அன்று அவர் பதினான்கு முறை விழுந்தார். ஒவ்வொரு முறையும் சட்டையைத் தலைமுடி உலர்த்தும் கருவியால் காயவைத்து மறுபடி மாட்டிவிட்டார்கள். எப்படி விழுந்தாலும் மூக்குக்கண்ணாடி நனையக்கூடாது என்று அதைக் கழற்றிக் கையை உயர்த்திக்கொள்வார். ஆள் முழுக்க உள்ளே போன பிறகும் கண்ணாடி பிடித்த கை மட்டும் தண்ணீருக்கு மேலே நிற்கும். நான்காவது தடவை, படகில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே பக்கம் எழுந்தபோது அவர் சரிந்துகொண்டே, "தயவுசெய்து ஒவ்வொருவராக எழுந்திருங்கள்" என்றார். வாக்கியத்தைப் பாதியில் விடுகிற வழக்கம் அவருக்கு இல்லை. முழுதாக முடித்துவிட்டே மூழ்கினார். அப்போது யாரும் சிரிக்கவில்லை. வெளிச்சம் போவதற்குள் முடிக்க வேண்டுமே என்ற கவலைதான் எல்லாருக்கும். இப்போது அந்த அரை நிமிடத்தைத் தனியாகத் திரையில் பார்த்தபோது அவளுக்கே சிரிப்பு பீறிட்டு வந்தது. வந்த வேகத்தில் வெட்கமும் வந்தது.

முதலாளியிடம் சொன்னாள். அவர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரொம்பச் சுலபம் என்றார். பதினான்கு படத்தையும் தூக்கிவிட்டு அந்த இடத்தில் சிவப்பு எழுத்தில் 'தவறு' என்று போட்டால் தீர்ந்தது. பார்க்க ஒன்றும் இல்லையென்றால் எவன் தவறைச் சொடுக்கப்போகிறான்? அப்படியே செய்கிறோம் என்று அன்றே மேஜருக்குக் கடிதமும் அனுப்பிவிட்டார். வியாழக்கிழமை அவளும் சித்தப்பாவும் பள்ளிக்குப் போய் மாற்றியதைக் கணினிகளில் ஏற்ற வேண்டும். திருத்திய வாசகங்களில் மெய்ப்புத் திருத்துநர் நேரில் கையெழுத்திட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. "எதுக்கு எடுக்கறோம்னு அவர்கிட்ட சொல்லிட்டு இருக்காத. மனுஷன் வேட்டி சட்டை நலுங்காம வாழறவர். ஏதோ வாசகம் மாறுதுன்னு சொல்லு" என்றார்.

அதைத்தான் அவளால் சொல்ல முடியவில்லை. அவளுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் சித்தப்பா. அலுவலகத்தில் அவரை 'சார்' என்பாள், வீட்டுக்கு வந்ததும் 'சித்தப்பா' என்பாள். இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில்தான், அவர்கள் மாடியில். படம் எடுத்த நாளைப் பற்றி அவர் வெளியில் ஒருவரிடமும் பேசியதில்லை. ஆனால் வாரம் ஒருமுறையாவது, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ஏதோ நினைவு வந்தவர் போலக் கேட்பார். செவ்வாய்க்கிழமை இரவும் கேட்டார்.

"பசங்க கவனமா பாக்கறாங்களாமா?"

"ரொம்ப கவனமா பாக்கறாங்க சித்தப்பா."

அது பொய்யில்லை. உண்மையும் இல்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அதைப் பார்த்துவிட்டு நாளைக்கு நிஜ வெள்ளத்தில் ஒருத்தன் ஒரே ஒருத்தனை உட்காரவைத்தால் போதும் என்றார். பரிமாறிக்கொண்டிருந்த சித்தி விடவில்லை. "நாப்பது வயசுல நீச்சல் கத்துக்கங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். தண்ணி ஒத்துக்காதுன்னாரு. இப்ப அம்பத்தாறுல ஆபீஸ் செலவுல முங்கறாரு." சித்தப்பா அதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆனால் அவர் முகத்தில் ஒரு நிறைவு இருந்தது. வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் பிழையை எடுத்துப் போட்டவர், முதல் தடவையாகத் தானே ஒன்றைக் கொடுத்திருக்கிறார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, நாற்பது பேர் உங்களைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள், அதனால் உங்களை வெட்டி எறியப் போகிறோம் என்று எப்படிச் சொல்வது? தட்டைக் கழுவும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். கழுவித் துடைத்துக் கவிழ்த்தும் வைத்தாள். சொல்லவில்லை.

வியாழக்கிழமை பேருந்தில் இரண்டு மணி நேரம். சித்தப்பா சன்னலோரம் உட்கார்ந்து கடைப் பலகைகளில் பிழை எண்ணிக்கொண்டு வந்தார். அவள் மடியில் இருந்த பையில் இரண்டு குறுந்தட்டுகள் இருந்தன. ஒன்றில் முதலாளி சொன்ன சிவப்பு எழுத்துப் பாடம். மற்றதில் பழைய பாடம், எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்துவந்தது. மேஜரிடம் பேச வேண்டியதை ஏழு குறிப்புகளாக எழுதியும் வைத்திருந்தாள். ஏழில் ஒன்றுகூட உண்மையான காரணத்தைத் தொடவில்லை என்பது அவளுக்கே தெரிந்தது.

பள்ளி வாசலில் கைப்பேசிகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். காவலுக்கு நின்ற வீரர் சித்தப்பாவின் அனுமதிச் சீட்டைப் பார்த்தார். நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார். மறுபடி சீட்டைப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு, விறைப்பாக ஒரு வணக்கம் வைத்தார்.

"மரியாதை தெரிஞ்ச பசங்க" என்றார் சித்தப்பா, உள்ளே நடக்கும்போது.

மேஜர் நாற்பதைத் தாண்டிய பெண்மணி. குரலை உயர்த்தவே தேவைப்படாதவர் போலப் பேசினார். கணினி அறை ஒரு நீண்ட கொட்டகை. இருபது கணினிகள், கணினிக்கு இரண்டு பேர். சித்தப்பா உள்ளே காலை வைத்ததும் அறையில் ஒரு சலசலப்பு ஓடியது, காற்றில் தாள்கள் புரளுவது போல. கடைசி வரிசையிலிருந்து அடக்கிய குரலில் ஒருவன், "டேய், கண்ணாடி மாமாடா" என்றான். மேஜர் திரும்பிப் பார்த்தார். அதே நேரம், யாரோ நிறுத்த மறந்த ஒரு கணினியிலிருந்து, தெளிவான உச்சரிப்பில் ஒரு குரல் வந்தது. 'தயவுசெய்து ஒவ்வொருவராக எழுந்திருங்கள்.' தொடர்ந்து தொப்பென்று ஒரு சத்தம்.

முப்பத்தொன்பது பேர் அடக்கிக்கொண்டார்கள். ஒருவனால் முடியவில்லை. அவன் உடைந்ததும் கொட்டகையே உடைந்தது.

அவள் சித்தப்பாவைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். முடியவில்லை. அவர் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீருக்கு மேலே ஒரு கை, கையில் கண்ணாடி. தன்னை அவர் அப்படிப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அலுவலகத்தில் அவர் வாசகங்களைத் தாளில்தான் திருத்துவார், படங்களைத் திறந்ததே இல்லை. கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டிக்கொண்டார். ஒரு முழு நிமிடம் ஆகியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. பத்து நொடிகூட ஆகியிருக்காது. பிறகு, அச்சுத்தாளில் ஒரு பிழையை நோக்கிப் போகும் பேனாவைப் போல, நேராக அந்தக் கணினியை நோக்கி நடந்தார். அங்கே உட்கார்ந்திருந்த அகன்ற தோள்காரர் எழுந்து நின்றுவிட்டார். சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

"இது எத்தனையாவது?" என்றார் சித்தப்பா.

"நாலாவது சார்."

"நான் ஏன் விழுந்தேன்?"

வீரர் மேஜரைப் பார்த்தார். மேஜர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எல்லாரும் ஒரே பக்கம் எழுந்துட்டாங்க சார். எடை ஒரு பக்கமா போயிடுச்சு. நடுவுல இருக்கறவங்க மொதல்ல உக்காரணும், அப்புறம் ஓரத்துல இருக்கறவங்க ஒவ்வொருத்தரா அசையணும்."

சித்தப்பா அடுத்த கணினிக்கு நகர்ந்தார். ஏழாவதில் ஏன் விழுந்தேன்? கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு ஏறியதால். இரண்டாவதில்? படகின் விளிம்பில் கால் வைத்ததால். விளிம்பில் இல்லை, நடுத்தளத்தில் வைக்க வேண்டும். பதினொன்றில்? நீரோட்டத்துக்குக் குறுக்கே படகைத் திருப்பியதால். அவர் பிரம்பு எடுக்காத வாத்தியார் போல வரிசை வரிசையாகப் போனார். அவர்கள் எழுந்து எழுந்து சொன்னார்கள். யாரும் திரையைப் பார்க்கவில்லை. அவர் விழுந்த ஒவ்வொரு விழுகையும் அவர்களுக்கு அத்துப்படியாக இருந்தது. அவர் எந்தத் தோள் பக்கம் சரிந்தார் என்பது உட்பட.

ஒன்பதாவதைக் கேட்டபோதுதான் சிக்கியது. எழுந்தவர் மெலிந்த, காது நீண்ட ஒரு வீரர். படகில் எட்டு பேருக்கு மேல் ஏற்றியதால் என்றார். சித்தப்பா உடனே தலையை ஆட்டினார். "தப்பு. ஒன்பதாவது, கடைசியா ஏறினவர் முன்பக்கம் போனதால. பாடத்துல அப்படித்தான் இருக்கு. நானே படிச்சுத் திருத்தினேன்."

"பாடத்துல அப்படி இருக்கு சார். ஆனா படத்துல ஒன்பது பேர் இருக்காங்க. பின்னாடி ஒருத்தர் லைஃப் ஜாக்கெட்டே போடாம, போன் பேசிக்கிட்டு உக்காந்திருக்காரு. வெள்ளத்துல எவன் சார் போன் பேசுவான்?"

படத்தை ஓட்டினார்கள். சித்தப்பா குனிந்து பார்த்தார். அவளும் ஓடிப்போய்ப் பார்த்தாள். படகின் பின்முனையில், வெள்ளைச் சட்டையில், காதில் கைப்பேசியோடு யாருக்கோ எதையோ உறுதியளித்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவளுடைய எந்தப் பட்டியலிலும் ஏறாதவர்.

"யார் இது?" என்றார் மேஜர்.

"எங்க முதலாளி மேடம்" என்றாள் அவள்.

இந்த முறை சிரிப்பில் மேஜரும் இருந்தார், சத்தமில்லாமல். சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, கையிலிருந்த வாசகத்தாளில் ஒன்பதாவது எண்ணுக்கு எதிரே ஒரு குறி போட்டார். அந்த வீரரைப் பார்த்து, "நல்லா பாத்திருக்கீங்க. இது என் கண்ணுல படல" என்றார். இருபத்தெட்டு வருடத்தில் அவர் அந்த வாக்கியத்தை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார் என்று அவள் யோசித்தாள். ஒருவரும் நினைவுக்கு வரவில்லை.

மேஜர் தன் கோப்பைத் திறந்தார். "எல்லாம் சரி. ஆனா இந்தப் படங்களை எடுத்துடறோம்னு உங்க கடிதத்துல இருக்கே. அந்த மாற்றத்தை ஏத்தத்தானே வந்திருக்கீங்க?"

சித்தப்பாவின் பேனா நின்றது. அவர் மேஜரைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். கோபம் இல்லை. வாக்கியத்தில் ஒரு சொல் விடுபட்டிருக்கிறது, அது என்ன என்று தேடுகிற பார்வை. அவளுக்கு ஏழு குறிப்புகளும் மறந்துபோயின. தாள் பையில்தான் இருந்தது, எடுக்கக் கை போகவில்லை.

"எடுக்க வேண்டாம் மேடம்" என்றாள். "படத்துல தப்பு இல்ல. தப்பு நான் பண்ணினது. ஒருத்தர் தப்பா சொன்னா பாக்க அவ்வளவு வெச்சேன். சரியா சொன்னவங்களுக்கு ஒண்ணுமே வெக்கல. ஒரு பச்சை எழுத்து, அவ்வளவுதான். யாரா இருந்தாலும் தப்பைத்தான் சொடுக்குவாங்க. நானா இருந்தா நானும் அதைத்தான் பண்ணுவேன்."

மேஜர் கோப்பை மூடவில்லை. "அப்ப சரியான விடைக்கு என்ன வெச்சிருக்கணும்?"

"எட்டு பேரும் கரை சேர்றதை."

"ஏன் எடுக்கல?"

அவள் நேர்மையாக யோசித்துப் பார்த்தாள். நேரமில்லை என்று சொல்லலாம், வெளிச்சம் போய்விட்டது என்று சொல்லலாம். இரண்டும் உண்மைதான். "எனக்கு அது தோணவே இல்ல மேடம். சரியா நடந்தா காட்ட என்ன இருக்குன்னு நெனச்சுட்டேன். படகு ஒழுங்கா போய்ச் சேர்றதை நான் பார்த்ததுகூட இல்ல."

"நானும்தான்" என்றார் சித்தப்பா. "பதினாலு தடவை ஏறியிருக்கேன். ஒரு தடவைகூட அந்தப் பக்கம் போனதில்ல."

அதை அவர் நகைச்சுவையாகச் சொன்னாரா என்று யாருக்கும் தெரியவில்லை. மேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். நாளைதான் வெள்ளிக்கிழமை, முடிவை நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று சொல்லிக் கோப்பை மேஜைமேல் போட்டுவிட்டு, எல்லாரையும் வெளியே வரச் சொன்னார்.

கொட்டகைக்குப் பின்னால் பயிற்சிக்கான ஏரி. நீச்சல் குளம் இல்லை. கலங்கிய, பச்சையான, அடி தெரியாத தண்ணீர். அக்கரையில் வரிசையாக மரங்கள், ஒரு கான்கிரீட் படிக்கட்டு. ரப்பர் படகை நான்கு பேர் தூக்கிவந்து இறக்கினார்கள். காது நீண்டவர் சித்தப்பாவுக்கு மிதவை அங்கியை மாட்டி, வார்களை ஒவ்வொன்றாக இழுத்துச் சரிபார்த்தார். ஒன்றை இறுக்கும்போது சித்தப்பாவின் முகம் வெளுத்திருந்ததை அவள் கவனித்தாள். அருகே போய், மெதுவாக, வேண்டாமென்றால் வேண்டாம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள் என்றாள். அலுவல் இடத்தில் முதல் தடவையாக அவரைச் 'சித்தப்பா' என்று கூப்பிட்டதை அவள் உணரவில்லை. அவர் உணர்ந்தார்.

"ஆழம் எவ்வளவுன்னு மட்டும் கேக்காத" என்றார்.

இரண்டு பேர் படகைப் பிடித்துக்கொண்டார்கள். கால் எங்கே வைக்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. அவர் விளிம்பை விட்டு நடுத்தளத்தில் வைத்தார். உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடிக்குக் கை போனது, பாதி வழியில் நின்றது, இறங்கி முழங்காலில் அமர்ந்தது. மற்ற ஏழு பேரும் ஒவ்வொருவராக ஏறி, ஒருவருக்கெதிரே ஒருவராக உட்கார்ந்தார்கள். துடுப்பு தண்ணீரில் இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது. படகு நகர்ந்தது.

பார்க்க ஒன்றுமே இல்லைதான். யாரும் எழவில்லை, எதுவும் சரியவில்லை. ஒரு ஆரஞ்சு நிறப் புள்ளி தண்ணீர் மேல் சீராகச் சிறிதாகிக்கொண்டே போனது. ஆனாலும் கரையிலிருந்த ஒருவர்கூடக் கண்ணை எடுக்கவில்லை. நடு ஏரியில் காற்று ஒருமுறை குறுக்கே அடித்துப் படகின் மூக்கு திரும்பியபோது, அவள் பக்கத்தில் நின்ற அகன்ற தோள்காரர் தன்னையறியாமல், "உக்காருங்க மாமா, உக்காருங்க" என்று முணுமுணுத்தார். அவர் உட்கார்ந்துதான் இருந்தார். துடுப்புகள் இரண்டு முறை ஆழமாக இறங்கின. மூக்கு மறுபடி நேரானது.

அக்கரையில் அவரை இறக்கினார்கள். முறைப்படி, மீட்கப்பட்டவரைக் கரையில் விட்டுவிட்டுப் படகு அடுத்த ஆட்களுக்காகத் திரும்பிவிட வேண்டும். திரும்பியது. படிக்கட்டில் அவர் மட்டும் தனியாக நின்றார். வந்து சேர்ந்த பிறகு என்ன செய்வது என்று அவருக்கு யாரும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை. சட்டையைத் தொட்டுப் பார்த்தார், காய்ந்திருந்தது. தண்ணீரைப் பார்த்தார், வந்த வழியைப் பார்த்தார்.

படகு அவள் நின்ற படியில் வந்து முட்டியது. மேஜர் அவளை நோக்கி ஒரு மிதவை அங்கியை நீட்டினார். "போய்ப் பாத்துட்டு வாங்க. பாக்காததை எப்படி எடுப்பீங்க?"

அவள் அங்கியை மாட்டிக்கொண்டாள். வார்களை இழுத்துப் பார்த்தாள். ஒரு கை அவளுக்காக நீண்டது. அதைப் பிடித்துக்கொண்டு, நடுவில் கால் வைத்து, படகு லேசாக அமிழ்ந்து எழும்பியபோது அவள் நிமிர்ந்து பார்த்தாள். அங்கே, மரங்களுக்குக் கீழே, ஆரஞ்சு அங்கியில் சித்தப்பா இரண்டு உள்ளங்கைகளையும் கீழ்நோக்கி விரித்து, மெல்ல, மறுபடி மறுபடி, காற்றைத் தாழ்த்திக்கொண்டிருந்தார். உட்கார், உட்கார் என்று.